பொது அணுகல் உதறல் நீக்கம்

பொது அணுகல் உதறல் நீக்கம் என்பது, திடீர் இதய நிறுத்தத்துக்கு உள்ளானவருக்கு மருத்துவ ஊர்தி வந்து சேரும் முன்னரே அருகில் இருப்பவர்கள் மின்னதிர்ச்சி அளிக்க ஏதுவாக, தானியங்கி உதறல் நீக்கிகளைப் பொது இடங்களில் வைத்துப் பராமரிக்கும் முறை ஆகும். உள்ளாட்சி அமைப்புகள், காவல்துறை, அறக்கட்டளைகள், வணிக நிறுவனங்கள், தன்னார்வலர்கள் ஆகியோரின் கூட்டு முயற்சியாகவே இது பெரும்பாலும் நடைபெறுகிறது.

தேவை

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைபடுகிறது. இதய நிறுத்தத்தில் இதயம் குருதியை வெளித்தள்ளுவதே நின்றுபோகிறது. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. மாரடைப்பு இதய நிறுத்தத்துக்குக் காரணமாகலாம். பல வேளைகளில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி உதறுவதால் இந்நிலை ஏற்படுகிறது. இந்த உதறலை நிறுத்தி இயல்பான துடிப்பு மீள வழிசெய்வது மின்னதிர்ச்சியே ஆகும். மார்பழுத்த முதலுதவி இல்லாத நிலையில், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. எனவே மிக விரைவான மருத்துவ ஊர்திச் சேவை கூடப் பல நேரங்களில் போதுமானதாக இருப்பதில்லை.

வரலாறு

1947இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், அறுவையின்போது இதயம் நின்ற 14 வயதுச் சிறுவனை மின்னதிர்ச்சி மூலம் காப்பாற்றினார். 1965இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் உருவாக்கிய எடுத்துச் செல்லத்தக்க கருவி சுமார் 70 கிலோகிராம் எடை கொண்டது. அக்கருவிகளை இயக்க மருத்துவப் பயிற்சி தேவைப்பட்டது. இதயத் துடிப்பைத் தானே பகுத்தறியும் சிறிய கருவிகள் வந்த பின்னரே பொதுமக்கள் பயன்பாடு சாத்தியமாயிற்று.

கருவி செயல்படும் விதம்

கருவியை இயக்கியதும் அது குரல்வழி அறிவுறுத்தல்களைத் தருகிறது. ஓர் ஒட்டுத்தகடு வலது காறையெலும்பின் கீழும் மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பகுதியிலும் ஒட்டப்படும். கருவி இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவை என்றால் மட்டுமே அதிர்ச்சிக்கு அனுமதிக்கும். மின் செயற்பாடு முற்றிலும் நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி தராது. அதிர்ச்சிக்குப் பின் மார்பழுத்தத்தை உடனே தொடர வேண்டும்.

முன்னோடித் திட்டங்கள்

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் பாதுகாப்புக் காவலர்களுக்குப் பயிற்சி அளித்து நடத்தப்பட்ட ஆய்வு 2000இல் வெளிவந்தது. கீழறை உதறலுக்கு உள்ளான 105 பேரில் 56 பேர் உயிருடன் வீடு திரும்பினர். பிறர் கண்முன் விழுந்து, மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றவர்களில் இது 49 விழுக்காடு.

சிகாகோ விமான நிலையங்களில் இரண்டு ஆண்டுகளில் உதறலுக்கு உள்ளான 18 பேரில் 11 பேர் உயிர்ப்பிக்கப்பட்டனர். அவர்களுள் ஆறு பேரைக் காப்பாற்றியவர்கள் இக்கருவியில் எப்பயிற்சியும் பெறாதவர்கள். எனினும் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தனர்.

வட இத்தாலியின் பியாசென்சாவில் தொடங்கிய 'புரொஜெட்டோ வீட்டா' ஊர் முழுவதையும் ஈடுபடுத்திய திட்டமாகும். 39 கருவிகளில் 12 ஆபத்து மிகுந்த பொது இடங்களிலும், 12 தன்னார்வலர் இயக்கும் மருத்துவ ஊர்திகளிலும், 15 காவல்துறை வாகனங்களிலும் வைக்கப்பட்டன. 1,285 தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றனர். முதல் 22 மாதங்களில் இவர்கள் கவனித்த 143 பேரில் 10.5 விழுக்காட்டினர் பிழைத்தனர். வழக்கமான அவசரச் சேவை மட்டும் கவனித்தவர்களில் இது 3.3 விழுக்காடாக இருந்தது.

சிங்கப்பூர்

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் தொடங்கிய திட்டத்தில், இரண்டு வீவக அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஒரு கருவி வைப்பது இலக்காகக் கொள்ளப்பட்டது. குடியிருப்பாளர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் அறிமுகமான கைபேசிச் செயலி, அருகிலுள்ள தன்னார்வலர்களுக்கு இதய நிறுத்தம் குறித்த அறிவிப்பை அனுப்புகிறது. வாடகை மகிழுந்துகள் சிலவற்றிலும் கருவிகள் வைக்கப்பட்டன.

சட்டம்

நல்லெண்ணத்துடன் உதவுவோர் வழக்குக்கு அஞ்சாதிருக்க 2000இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவர் அல்லாதோர் இக்கருவியைப் பயன்படுத்த இத்தாலி 2001இலும் சப்பான் 2004இலும் இடமளித்தன.

சிக்கல்கள்

இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீடுகளிலேயே நிகழ்வதால் விமான நிலையத்திலோ கடைத்தொகுதியிலோ உள்ள கருவிகள் அவற்றுக்குப் பயன்படுவது அரிது. பூட்டிய கட்டடத்துக்குள் உள்ள கருவியும் இரவில் பயன்படாது. மாலை, இரவு, வார இறுதி நேரங்களில் கருவிகளின் பயன்பரப்பு பாதிக்கும் மேல் குறைவதைக் கோபன்ஹேகன் நகரில் செய்யப்பட்ட ஆய்வு 2013இல் காட்டியது. கருவி இருக்கும் இடம் அவசர அழைப்பு மையத்துக்குத் தெரியாவிட்டாலும் பயன் குறையும். மின்கலமும் ஒட்டுத்தகடுகளும் காலாவதியாகக் கூடியவை ஆதலால், கருவியை வாங்குவதோடு அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரையும் நியமித்தல் அவசியமாகும்.

இவற்றையும் பார்க்க

இதயம்
மாரடைப்பு
முதலுதவி