மருதகாசி பாடல்கள்

அ. மருதகாசி (பெப்ரவரி 13, 1920 - நவம்பர் 29, 1989) தமிழ்த் திரைப்படப் பாடலாசிரியர் ஆவார். "திரைக்கவித் திலகம்" என்ற பட்டத்தால் அறியப்படுபவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள மேலக்குடிகாடு இவரது ஊர். ஏறத்தாழ 250 படங்களில் 4000 பாடல்கள் வரை எழுதியதாகக் குறிப்பிடப்படுகிறார். பாடல்களைக் கேட்ட அளவுக்கு எழுதியவர் பெயரைத் தமிழர் அறியவில்லை என்பதே இவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டிய செய்தியாகும். எண்ணிக்கையைக் கண்டு எங்கே தொடங்குவது எனத் தயங்கும் புதிய கேட்பாளருக்கு, இவருடைய பாடல்களை அணுகும் ஒரு வழியை இக்கட்டுரை தருகிறது.

சேலத்தில் தொடக்கம்

மருதகாசியின் திரை வாழ்க்கை சென்னையில் தொடங்கவில்லை, சேலத்தில் தொடங்கியது. தி. இரா. சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் தனக்கெனப் படப்பிடிப்புத் தளம் அமைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். மு. கருணாநிதி, கண்ணதாசன், கா. மு. ஷெரீப் ஆகியோரும் அங்கே பணியாற்றியவர்கள். தேவி நாடக சபையின் நாடகங்களுக்குப் பாட்டெழுதி வந்த மருதகாசி, அந்நிறுவனத்தின் மாயாவதி (1949) படத்தில் திரைப்பாடலாசிரியராக அறிமுகமானார். இசையமைப்பாளர் ஜி. இராமநாதன்.

நாடகத்தில் பெற்ற பயிற்சி இவருக்குப் பெரிதும் உதவியிருக்கவேண்டும். திரைப்பாடல் பெரும்பாலும் மெட்டு முதலில் அமைந்து, சொல் பின்னர் வருவது. இசையமைப்பாளர் தரும் தத்தகாரத்தின் குறில் நெடில் அளவுக்குள், கதைச் சூழலும் பாத்திரத்தின் பேச்சும் குன்றாமல் சொற்களை அமர்த்தவேண்டும். மேடையில் இதைச் செய்து பழகியவருக்குத் திரை புதிய இடமாக இருந்தாலும் புதிய வேலையாக இருக்கவில்லை.

பெயர்க் குழப்பம்

அக்காலப் படங்களில் ஒரே படத்துக்கு இருவர் மூவர் பாட்டெழுதுவது வழக்கம். தொடக்க எழுத்துகளில் அவர்கள் பெயர்கள் சேர்ந்தே வரும்; எந்தப் பாடல் யாருடையது என்று பெரும்பாலும் பிரித்துக் காட்டப்படுவதில்லை. மந்திரி குமாரி (1950) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்படத்துக்கு மருதகாசியும் கா. மு. ஷெரீப்பும் எழுதினர். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய "வாராய் நீ வாராய்" பாடலை ஒரு தொகுப்பு ஒருவர் பெயரிலும் மற்றொரு தொகுப்பு மற்றவர் பெயரிலும் தருகிறது. இத்தகைய பாடல்களை இருவருக்கும் பொதுவாகக் கொள்வதே நேர்மையானது.

மற்றொரு வகைக் குழப்பம் கேட்பவர்களால் வந்தது. உழைப்பாளரைப் பற்றிய பழைய பாடல் என்றால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வாழ்க்கைத் தத்துவம் என்றால் கண்ணதாசன் என்று மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு வகையிலும் மருதகாசி நிறைய எழுதியிருப்பதால் இழப்பு அவருக்கே. ஆகவே, இசைத் தொகுப்புகளிலும் இணையத்திலும் காணும் பாடலாசிரியர் பெயரை அப்படியே ஏற்காமல், படத்தின் தொடக்க எழுத்துகளையும் அக்காலப் பாட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் கேட்கவேண்டியது

ஒரே ஒரு பாடலுக்குத்தான் நேரம் உண்டு என்பவர் "மணப்பாறை மாடு கட்டி" பாடலைக் கேட்கலாம். மக்களைப் பெற்ற மகராசி (1957) படத்தில் கே. வி. மகாதேவன் இசையில் டி. எம். சௌந்தரராசன் பாடியது. உழவனுக்கு வேலை சொல்லித்தரும் பாடல் இது. மாடு மணப்பாறையில் வாங்க வேண்டும், ஏர் மாயவரத்தில் வாங்க வேண்டும், விதைநெல் ஆத்தூர் கிச்சடிச் சம்பா, விளைந்ததை விற்கவேண்டிய வணிகர் விருதுநகரத்தார். எந்த ஊரில் எது நல்லது என்பதை அறிந்த ஒருவரே இப்படி எழுத முடியும். கற்பனை உவமை ஏதும் இல்லாமல் ஊர்ப்பெயர்களைக் கொண்டே பாட்டு நடக்கிறது. உழுது, விதைத்து, நீர் இறைத்து, அறுத்து, விற்று என்று வேலைகள் வரிசை தவறாமல் வருகின்றன. இறுதியில் ஈட்டிய பணம் தாயின் கைக்குப் போகிறது. வீட்டுக் கணக்கு பெண்ணிடம் இருக்கும் உழவர் குடும்ப வழக்கம் அதில் ஓசையின்றி வந்துவிடுகிறது.

இங்கே சொல்லப்படும் ஆத்தூர், சேலத்திலிருந்து கிழக்கே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வழியாகச் செல்லும் சாலையில் உள்ள ஊர். இப்படத்தில் சிவாசி கணேசன் கொங்குத் தமிழ் பேசி நடித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இவ்வட்டாரத்தார் இப்பாடலைத் தங்கள் பாடலாகவே கருதுவதில் வியப்பில்லை. மாயவரத்தாருக்கும் மணப்பாறையாருக்கும் அதே உரிமை உண்டு.

இதைக் கேட்டபின் பிள்ளைக்கனியமுது (1958) படத்தின் "ஏர்முனைக்கு நேர்" பாடலையும், விவசாயி (1967) படத்தின் "கடவுள் என்னும் முதலாளி" பாடலையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். இரண்டிலும் இசையமைப்பாளரும் பாடகரும் முன்னவரே. ஆனால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். முதற்பாடல் உழவனோடு பேசுகிறது. பின்னவை உழவனைப் போற்றுகின்றன. 1967ஆம் ஆண்டுப் பாடலில் ம. கோ. இராமச்சந்திரனின் திரைத் தோற்றத்துக்கு வேண்டிய முழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பாடலாக முதலாவதே மேலானது.

சேலத்துப் படங்கள்

அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். இசை எஸ். தட்சிணாமூர்த்தி. ஏ. எம். ராஜாவும் பானுமதியும் பாடிய "மாசில்லா உண்மைக் காதலே", 1954இல் இதே கதையில் வந்த இந்திப் படப்பாடல் ஒன்றின் மெட்டில் அமைந்தது. பிறமொழி மெட்டுக்கு எழுதும்போது சொல் இழுபடுவதும் வேண்டாத இடத்தில் நீள்வதும் பல பாடலாசிரியர்களிடம் காணும் குறை. இப்பாடலில் அக்குறை இல்லை. மூலத்தை அறியாதவர் இதைத் தமிழ் மெட்டு என்றே கொள்வர்.

சம்பூர்ண இராமாயணம் (1958), மாடர்ன் தியேட்டர்சில் பணியாற்றிப் பின் தனியே படமெடுத்த எம். ஏ. வேணுவின் தயாரிப்பு. கே. சோமு இயக்கினார். இசை கே. வி. மகாதேவன். இராமன் ஊர் திரும்பும் வழியில் தங்கிய தலம் என்று அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலைச் சொல்லும் மரபு சேலத்தில் உண்டு. ஆயினும் இப்படத்தில் பாட்டில் வெல்பவன் இராவணனே. "வீணைக் கொடியுடைய வேந்தனே" பாடலில் அவையோர் கேட்க, இராவணன் இராகங்களைச் சொல்லிப் பாடுகிறான்: காலைக்குப் பூபாளம், உச்சிப் பொழுதுக்குச் சாரங்கா, மாலைக்கு வசந்தா. சிவனைக் கவர்ந்த இராகம் எது என்ற இடத்தில் காம்போதி வருகிறது. சி. எஸ். செயராமனும் திருச்சி லோகநாதனும் பாடிய இப்பாடலில் ஒவ்வொரு விடையும் அந்தந்த இராகத்திலேயே ஒலிப்பதால், இராகங்களை இனங்காணப் பழகும் மாணவர்களுக்கு இது ஓர் எளிய பாடமும் ஆகும்.

பிற பாடல்கள்

ரம்பையின் காதல் (1956) படத்தில் டி. ஆர். பாப்பா இசையில் சீர்காழி கோவிந்தராசன் பாடிய "சமரசம் உலாவும் இடமே" சுடுகாட்டைப் பற்றியது. வாழ்வில் கிடைக்காத சமத்துவம் அங்கே கிடைக்கிறது என்ற பழங்கருத்தை எளிய சொற்களில் தருகிறது. மெல்லிய பாடல்களை விரும்புவோர் மங்கையர் திலகம் (1955) படத்தின் தாலாட்டான "நீலவண்ணக் கண்ணா வாடா", உத்தம புத்திரன் (1958) படத்தின் "முல்லை மலர் மேலே", பாவை விளக்கு (1960) படத்தின் "காவியமா" ஆகியவற்றைக் கேட்கலாம். மன்னாதி மன்னன் (1960) படத்தின் "ஆடாத மனமும் உண்டோ" இவ்வரிசையில் ஆட்டத்துக்குரிய பாடல். விசுவநாதன் - இராமமூர்த்தி இசையில் எம். எல். வசந்தகுமாரியும் டி. எம். சௌந்தரராசனும் பாடியது.

பின்னாளில் இவர் எழுதிய பாடல்களில் நினைத்ததை முடிப்பவன் (1975) படத்தின் "கண்ணை நம்பாதே" பரவலாக அறியப்பட்டது. இசை எம். எசு. விசுவநாதன். மாயாவதி வெளிவந்து 26 ஆண்டுகளுக்குப் பின், இசைக்கருவிகளும் தாளநடையும் முற்றிலும் மாறிவிட்ட காலத்தில் எழுதியது. பழைய படங்களில் ஈடுபாடு இல்லாதவர்கள் இப்பாடலில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது எளிது. 1950களின் ஒலிப்பதிவில் பக்க இசை மங்கியே கேட்கும். சொற்கள் மட்டும் தெளிவாக இருக்கும். மருதகாசியைப் பொறுத்தவரை அது குறையன்று.

நாட்டுடைமை

மருதகாசியின் பாடல்களைத் தமிழ்நாடு அரசு 2007இல் நாட்டுடைமை ஆக்கியது.