நீராவியை எக்கணக்கில் எழுதுவது?

கண்டி மாநகர் கடல்மட்டத்தினின்றும் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்துள்ளது. உயரஞ் செல்லச் செல்ல வளியமுக்கங் குறைதலால், அந்நகரில் நீர் நூறு பாகையிற் கொதிப்பதில்லை. சதமவளவையில் 98 பாகையைச் சிறிது கடந்ததுமே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதி காண்கின்றது. ஒரே அடுப்பைக் கொழும்பிலும் கண்டியிலும் மூட்டி, ஒரே வெப்பநிலையிலுள்ள நீரை ஏற்றி, அது கொதிக்கும்வரை எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்று வினவுவோனுக்கு, மலைநாட்டு அடுப்பே சிறந்ததென்ற விடை கிடைக்கும். அடுப்புச் சிறந்ததன்று, நீர் முந்திக் கொதித்தது, அவ்வளவே. அரிசியும் பருப்பும் வேகுதற்கு வேண்டுவது கொதியன்று, வெப்பநிலையாகும். ஆதலின் விரைவிற் கொதித்த அப்பானையில் அவை வேகுதற்குக் காலம் கூடுதலாகவே செல்லும்.

சுடரின் வெப்பத்துள் எவ்வளவு நீரைச் சென்று சேர்கின்றது என்னும் வினா, புறத்தோற்றத்தில் மிக எளியது. எரிந்த பொருளின் நிறையை அதன் வெப்பப் பெறுமானத்தாற் பெருக்கினால் செலவு கிடைக்கும். நீரின் நிறையை வெப்பநிலை ஏற்றத்தாலும் தன்வெப்பத்தாலும் பெருக்கினால் வரவு கிடைக்கும். வரவைச் செலவால் வகுத்தால் அடுப்பின் வினைத்திறன் வந்துவிடும். பள்ளி மாணவனும் செய்யத்தக்க இக்கணக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளாக அறிஞரை அலைக்கழித்தமைக்குக் காரணம் ஒன்றே: பானையினின்றும் எழும் நீராவியை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்பது எளிதில் முடிவாகவில்லை.

நீராவியின் கணக்கை முதன்முதல் தீட்டியவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த யோசெப் பிளாக் ஆவார். 1762ஆம் ஆண்டில் அவர் செந்தழலாய்க் காய்ந்த இரும்புத் தட்டொன்றின் மேல், நீர் கொண்ட தகரப் பாத்திரங்களை வைத்துக் காலத்தைக் குறித்தார். பரனைற்று அளவையில் 50 பாகையிலிருந்த நீர் 4 நிமிடத்திற் கொதித்தது. பின்னர் அது முழுவதும் ஆவியாக மேலும் 20 நிமிடங்கள் சென்றன. முதல் 4 நிமிடங்களில் 162 பாகை ஏறியதெனின், நிமிடமொன்றுக்கு நாற்பதரைப் பாகை. அவ்விகிதப்படி 20 நிமிடங்களில் 810 பாகைக்குரிய வெப்பம் நீருட் புகுந்திருத்தல் வேண்டும். எனினும் வெப்பமானி ஒரு பாகையேனும் ஏறிற்றில்லை. அவ்வளவு வெப்பமும் நீராவியுள் மறைந்து சென்றது. அதனையே மறைவெப்பம் என்றனர். இன்றைய அளவீட்டின்படி அத்தொகை 970 பாகையாகும். தகரப் பாத்திரமும் கடிகாரமுமே துணையாகக் கொண்ட ஒருவர் அவ்வளவு அண்மையிற் சென்றமை வியத்தற்குரியது. ஆயினும் பிளாக் அளந்தது நீரை அடைந்த வெப்பத்தை மட்டுமே. தட்டைக் காய்ச்சிய நெருப்பு மொத்தம் எவ்வளவு வெப்பத்தை ஈந்தது என்பதை அவர் வினவவில்லை. அது அவருக்கு வேண்டியதுமன்று.

அவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்காவிற் பிறந்து பவேரிய அரசின் பணியிலமர்ந்த ரம்போர்ட் பிரபு. மியூனிக் நகரில் வறியோர்க்கும் படைவீரர்க்கும் உணவு சமைக்கும் பொறுப்பு அவர்பாற் சார்ந்தது. பெருந்தொகையினர்க்கு நாடோறும் கஞ்சி காய்ச்சுவோனுக்கு விறகின் விலை தத்துவ விசாரமன்று. ஓர் இறாத்தல் விறகு எத்தனை இறாத்தல் நீரைக் கொதிநிலைக்குக் கொணரும் என்று அவர் அடுப்பு அடுப்பாகச் சோதித்து, திறந்த அடுப்பிற் பெரும்பகுதி வெப்பம் புகைபோக்கி வழியே வீணாதலைக் கண்டார். நெருப்பைச் சுவரால் அடைத்து, காற்றைக் கதவால் ஒடுக்கி, பானையை அடுப்பினுள் இறக்கி வைத்தார். நெருப்பைப் பேணுதலும் விறகைச் சிக்கனஞ் செய்தலும் பற்றிய அவருடைய கட்டுரை 1790களின் பிற்பகுதியில் வெளிவந்தது. கொதித்த பின்னர் நெருப்பை ஓங்கவிடுதல் வீண் என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்; கொதிக்கும் நீர் எவ்வளவு வேகமாகக் கொதித்தாலும் மேலும் சூடாவதில்லையன்றோ. பிளாக்கின் கண்டுபிடிப்பைச் சமையலறைக்குட் கொணர்ந்த அவ்வறிவுரையைப் பிற்காலத்து அடுப்புச் சோதனையாளர் பலர் மறந்தனர்.

ரம்போர்டின் காலத்தை அடுத்து, இவ்வரலாற்றின் இழையொன்று கண்டியையும் வந்து தொடுகின்றது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதே ஆண்டில் இலண்டனில் சேர் கம்பிரி டேவி, சுரங்கத் தொழிலாளர்க்கான காப்பு விளக்கை அமைத்தார். மறு ஆண்டில் அவருடைய தம்பியாராகிய யோன் டேவி, படை மருத்துவராக இலங்கைக்கு வந்து 1820 வரை தங்கினார். மலைநாட்டில் உலவி, மண்ணையும் கனிப்பொருளையும் வானிலையையும் மனித உடலின் வெப்பநிலையையும் ஆராய்ந்து, 1821இல் இந்நாட்டின் உட்பகுதி பற்றிய பெருநூலை வெளியிட்டார். செல்லுமிடமெங்கும் வெப்பமானியைக் கையிற்கொண்டு திரிந்த இத்தகையோர் அக்காலத்தில் இத்தீவிற் சிலரே. தம்பி கண்டியில் வெப்பநிலைகளைக் குறித்துக்கொண்டிருந்த அவ்வாண்டுகளிலேயே தமையனார் சுடரின் இயல்பை ஆராய்ந்தார். மெல்லிய கம்பிவலையைச் சுடரின் குறுக்கே பிடித்தால் சுடர் வலையைக் கடப்பதில்லை. உலோகம் வெப்பத்தைக் கவர்தலால் எரிவாயு எரியும் நிலைக்குக் கீழே குளிர்ந்துவிடுகின்றது. காப்பு விளக்கின் மருமம் இதுவே. இவ்வுண்மை அடுப்புக்கும் பொருந்தும். குளிர்ந்த பானையைச் சுடருக்குள் மிகத் தாழ இறக்கினால் சுடர் அடிப்பாகத்திற் பட்டு அவிந்து, எரியாத கரி புகைக்கரியாகவும் நஞ்சாகிய காபனோரொட்சைட்டாகவும் வெளிப்படும். மிக உயர்த்தினாலோ வெப்பம் பக்கக் காற்றிற் கலந்து போகும். பானைக்கும் சுடருக்கும் இடையே எத்துணை இடைவெளி தகும் என்பதே இன்றும் அடுப்பமைப்போரின் முதல் வினாவாகும்.

விறகைப் போலன்றி, வாயுச் சுடர் அளவீட்டுக்கு இணங்குவது. அதனைத் திறக்கவும் மூடவும் நிறுக்கவும் இயலும். 1892இல் யேர்மனியில் ஊகோ யுங்கர்சு அமைத்த கலோரிமானியில், உருளையொன்றினுள் வாயுச் சுடர் எரிய, அதனைச் சூழ நீர் இடையறாது ஓடிற்று. புகும் நீரின் வெப்பநிலைக்கும் வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஓடிய நீரின் அளவையும் கொண்டு சுடரின் வெப்பம் முழுவதும் கணிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வாயு, கன அளவாலன்றி வெப்ப அளவால் விற்கப்பட்டது. சுடரும் நீரும் கொண்ட கலோரிமானி அங்ஙனம் வணிகரின் தராசாகவே மாறிற்று. ஆனால் இக்கருவியும் நீராவியின் சிக்கலுக்கு விலக்கன்று. வாயு எரிகையில் அதிலுள்ள ஐதரசன் நீராவியாகின்றது. கலோரிமானி அந்நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அதன் மறைவெப்பத்தையும் சேர்த்துக்கொள்கின்றது. வீட்டுப் பானை அவ்வாறு செய்யவல்லதன்று. ஆகவே ஒரு வாயுவுக்கு இரு வெப்பப் பெறுமானங்கள் உள. புரோப்பேனுக்கு மேற்பெறுமானம் கிலோகிராமுக்கு 50 மெகாயூல் அளவு. கீழ்ப்பெறுமானம் 46 மெகாயூல் அளவு. எதனால் வகுப்பது என்பதை உரையாதவிடத்து, ஒரே அடுப்பு 68 என்றும் 63 என்றும் இருவகை எண் பெறும்.

விறகடுப்பிற் குழப்பம் மேலும் பெருகிற்று; ஏனெனில் விறகினுள்ளும் நீர் உண்டு. நன்கு உலர்ந்த விறகு கிலோகிராமுக்கு 18 மெகாயூல் அளவு வெப்பந் தரும். நிறையிற் காற்பங்கு நீர் நின்றால், அது 13 ஆகக் குறையும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயத்து அடுப்புகளில் நெடுங்காலம் எரிந்தது கவ்வாத்தில் வெட்டப்பட்ட மிலாறு. மழைக்காலத்து மிலாறையும் வெயிற்காலத்து மிலாறையும் ஒன்றெனக் கொண்டு நிறுத்துப் பார்த்தோனின் கணக்கு அடுப்பைப் பற்றி யாதுங் கூறாது. வானிலையைப் பற்றியே கூறும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகம் முழுவதும் விறகடுப்பின்பாற் கவனந் திரும்பியது. மூன்று கல் அடுப்பின் வினைத்திறன் நூற்றுக்குப் பத்தினும் குறைவென அக்காலத்து அறிக்கைகள் பல எழுதின. காடழிவின் பழி பெரும்பாலும் அவ்வடுப்பின் மீதும், அதனை மூட்டிய பெண்கள் மீதும் சுமத்தப்பட்டது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்தியரான கிருஷ்ண பிரசாத் தலைமையில் ஆராய்ந்த குழுவினர், திறந்த அடுப்பை முறையாக அளந்தபோது, அவ்வறிக்கைகள் கூறியதினும் இருமடங்கு வினைத்திறனைக் கண்டனர். கல்லடுப்பு அவ்வளவு இழிந்ததன்று. மூட்டுபவளின் கைத்திறனே அதன் கதவும் புகைபோக்கியுமாய் இருந்தது. அதனைக் கண்ட மாத்திரத்தில், புதிய அடுப்புகளின் பெயரால் முழங்கிய பெருஞ் சேமிப்புகள் பல சுருங்கின.

சோதனைமுறை நாட்டுக்கு நாடு வேறுபட்டமையால், 1982இல் வல்லுநர் பலர் கூடிப் பொதுமுறையொன்றை வகுத்தனர்; 1985இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. நீரைக் கொதிக்கவைத்தல், ஒரே உணவைச் சமைத்தல், வீடுகளில் நாட்கணக்கில் எரிபொருளை நிறுத்தல் என அது மூவகைப்பட்டது. முதற் சோதனையிற் பானையினின்று போன ஆவியின் மறைவெப்பமும் பயனுள்ளதாகச் சேர்க்கப்பட்டது. இதனால் விளைந்த விபரீதம் தெளிவானது. 100 கிராம் நீர் ஆவியாதற்குச் செல்லும் 226 கிலோயூல் வெப்பம், ஒரு கிலோகிராம் நீரை 54 பாகை உயர்த்தப் போதியது. கொதித்த பின்னும் அடங்காது எரிந்து ஆவியைக் கக்கும் அடுப்பு உயர்ந்த எண் பெற்றது. தணலாய் அடங்கிச் சோற்றை மெல்லப் பொங்கவைத்த அடுப்புத் தாழ்ந்த எண் பெற்றது. ஆய்வுகூடத்தில் வென்ற அடுப்புச் சமையலறையில் விறகை மிச்சப்படுத்தாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணம். வினைத்திறனை விடுத்து, சமைத்த பொருளுக்கு ஏற்பச் செலவான எரிபொருளையே நோக்கவேண்டும் என்ற வாதம் இதனாலேயே வலுப்பெற்றது.

இலங்கையின் முயற்சி இவ்விவாதத்தின் நடுவே வளர்ந்தது. சர்வோதய இயக்கம் 1970களின் இறுதியில் இரு பானைக் களிமண் அடுப்பைப் பரப்பத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபை விறகுச் சிக்கனத் திட்டமொன்றை நடத்தியது. முன்னைய வடிவங்கள் துண்டுகளாய்ச் செய்து பொருத்தப்பட, ஒரே துண்டாய்ச் சுட்ட 'அனகி' என்னும் அடுப்புப் பின்னர் எழுந்தது. அச்சிங்களச் சொல் விலைமதிப்பற்றது எனப் பொருள்படும். அதற்குப் புகைபோக்கி இல்லை; முதற் பானையைத் தழுவிய சுடுவளி, உட்குழாய் வழியே இரண்டாம் பானையைச் சென்று சேரும். சோறு ஒருபுறமும் கறி ஒருபுறமுமாக இருவேலை நிகழ்த்தும் இந்நாட்டுச் சமையலுக்கு அது இயைந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐடியா நிறுவனம் 1990களில் குயவர்களைப் பயிற்றி அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. தானமாக வழங்காது விலைக்கு விற்றமையே அதன் நிலைபேற்றுக்குக் காரணமெனலாம். விறகு மிச்சமாகாத அடுப்பை எவள் மீண்டும் வாங்குவாள்?

நகரத்தார் இதற்கிடையில் வாயு அடுப்புக்கு மாறினர். அவ்வடுப்புக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த சோதனை, நீராவிச் சிக்கலை எளிதாக அறுத்தது. குறித்த அளவு பாத்திரத்தில் நீரை மூடியிட்டுக் காய்ச்சி, கலக்கி, 90 பாகையிற் சுடரை அணைத்துவிடுதல் வேண்டும். கொதிக்கு முன்னரே சோதனை முடிதலால், ஆவி ஏறக்குறைய இல்லை. கண்டியாயினும் நுவரெலியாவாயினும் எண் மாறுதற்கு இடமில்லை. நூற்றுக்கு 68 என்பது அங்கு வேண்டப்படும் குறைந்த அளவு. 5 கிலோகிராம் நீரை 25 பாகையிலிருந்து 90க்கு உயர்த்த 1,360 கிலோயூல் வேண்டும். 68 பெற்ற அடுப்பு அதற்கு 44 கிராம் வாயுவை எரிக்கும். பாத்திரம் கவர்ந்த வெப்பத்தைத் தனியே கூட்டல் வேண்டும். சாளரக் காற்றை அடைத்தலும் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் வாயு அடுப்புகள் பல வெடித்தபோது, கலவையிற் புரோப்பேனின் பங்கு கூடியமை பெரிதும் பேசப்பட்டது. நிறைக்கு நிறை புரோப்பேனும் பியூட்டேனும் தரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே, வேறுபட்டது அமுக்கம். அடுத்த ஆண்டில் வாயுவே கிடைக்கவில்லை. மக்கள் வெறும் தாங்கிகளுடன் வரிசையில் நின்றனர். பலர் விறகடுப்புக்கு மீண்டனர். நூற்றுக்கு 68 என்ற வாயு அடுப்பின் எண்ணும், நூற்றுக்கு இருபதையொட்டிய களிமண் அடுப்பின் எண்ணும் அப்போது அருகருகே வைத்துப் பேசப்படத்தக்கவை அல்ல; முன்னது ஆவியின்றி அளந்தது, பின்னது ஆவியோடு அளந்தது. 2022 ஏப்பிரல் இறுதியில் 12.5 கிலோகிராம் தாங்கியின் விலை 4,860 ரூபாய். மூடியிடாத பானையில் ஒரு லீற்றர் நீரை வீணே ஆவியாக்கிய வீடு, 73 கிராம் வாயுவை, அன்றைய விலையில் 28 ரூபாயை, கூரை வழியே அனுப்பியது. 1985ஆம் ஆண்டு முறையின்படி அந்த 28 ரூபாயில் நூற்றுக்கு 68 பங்கு வரவுப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.