பாலுச்செட்டி சத்திரம் தாண்டும்போது ஒரு நிமிடம்

ஐரோப்பாவின் பழைய ஊர்களை வேன் ஒன்றிலேயே படுத்து, சமைத்து, சுற்றிவரும் வீடியோக்களை நம் குடியிருப்பில் பலர் விரும்பிப் பார்க்கிறோம். வண்டிக்குள் கட்டில், அடுப்பு, சின்ன கழிவறை எல்லாம் இருக்கும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பல சிற்றூர்களின் நகராட்சிகளே இந்த வண்டிகளுக்கென்று ஊர் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. இரவு நிறுத்திக்கொள்ளலாம், குடிநீர் பிடித்துக்கொள்ளலாம், கழிவுநீரைக் கொட்டிவிட்டுப் போகலாம். சில ஊர்களில் இலவசம், சில ஊர்களில் சிறிய கட்டணம். வந்தவர் காலையில் அந்த ஊர்க் கடையில் ரொட்டி வாங்குவார், பழைய தேவாலயத்தைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். நம் நாட்டிலும் கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது.

வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போவதும், வழிப்போக்கருக்கு ஊர் இடம் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. நமக்குப் பக்கத்துச் சாலையே அதற்குச் சாட்சி.

சாலையின் பெயர்ப் பலகைகள்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சுங்குவார்சத்திரம் வருகிறது. காஞ்சிபுரம் தாண்டியதும் பாலுச்செட்டி சத்திரம். அதை ஒட்டித்தான் திருப்புட்குழி. பிறகு தாமல், ஓச்சேரி, பல்லவர் காலத்து ஏரியுள்ள காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை, ஆற்காடு. நேற்று என்எச் 4, இன்று என்எச் 48 என்று எண் மாறியிருக்கிறது. சத்திரங்களின் பெயர் மட்டும் பலகையில் மாறாமல் நிற்கிறது.

இரட்டை மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் போகும். வெயில் ஏறினால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு நிழல், தொட்டியில் தண்ணீர், வைக்கோல் வேண்டும். மனிதருக்குத் திண்ணை, கிணறு, அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒரு வேளைப் பயணத் தூரத்துக்கு ஒன்றாகச் சத்திரங்கள் அமைந்ததற்கு இதுதான் கணக்கு. இன்று நாம் பதினைந்து நிமிடத்தில் தாண்டும் தூரம் அன்று அரை நாள். கட்டியவர்கள் பெரும்பாலும் வணிகர்கள், நிலக்கிழார்கள், அரசர்கள். பாலுச்செட்டி சத்திரத்தின் பெயரிலேயே ஒரு செட்டியார் உட்கார்ந்திருக்கிறார்.

திருப்புட்குழியும் வழிப்போக்கரும்

திருப்புட்குழியின் தல வரலாறே ஒரு வழிப்பயணக் கதை. சீதையைத் தேடி வந்த இராமன், இராவணனைத் தடுத்து வீழ்ந்து கிடந்த ஜடாயுவைக் கண்டு, மகன் தந்தைக்குச் செய்வதுபோல் இறுதிக் கடன் செய்த இடம் இது என்பது நம்பிக்கை. புள் என்றால் பறவை. புள்ளுக்குக் குழி வெட்டிய இடம் புட்குழி. விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார், ஜடாயு தீர்த்தம் எல்லாம் அந்தக் கதையோடு சேர்ந்தவை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வேதாந்த தேசிகரின் பரமார்த்த ஸ்துதி இந்தப் பெருமாளைப் பற்றியதுதான். வறுத்த பயறு இங்கே முளைத்தால் பிள்ளைப்பேறு உண்டு என்று நம்பி வரும் பெண்கள் இன்றும் உண்டு.

இரண்டாவது கதை இராமானுஜருடையது. இளம் வயதில் அவர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தது திருப்புட்குழியில் என்பது வைணவ மரபு. குருவுக்கும் சீடனுக்கும் பொருள் சொல்வதில் ஒத்துப்போகவில்லை. மரபு சொல்வதன்படி, குரு சீடர்களை அழைத்துக்கொண்டு காசி யாத்திரை கிளம்பினார். வழியில் இராமானுஜரைத் தீர்த்துவிடுவது திட்டம். தம்பி முறையான கோவிந்தன் எச்சரிக்க, அவர் விந்தியக் காட்டில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். வழி தெரியாமல் நின்றவருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் துணையாக வந்தார்கள். இரவு படுத்து விடியலில் பார்த்தால் காஞ்சியின் எல்லை. அந்த அம்மாள் தாகம் என்று கேட்க, அருகிலிருந்த கிணற்றிலிருந்து அவர் தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். வந்தவர்கள் பெருமாளும் தாயாரும் என்று உணர்ந்து, அதன்பின் அந்தக் கிணற்றிலிருந்தே வரதராஜருக்குத் தினமும் தீர்த்தம் சுமந்தார் என்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் உள்ள அந்தக் கிணற்றுக்குப் பெயர் சாலைக் கிணறு.

இரண்டையும் புராணம் என்று வைத்துக்கொண்டாலும், சொல்லும் செய்தி ஒன்றுதான். வழியில் கிடப்பவரைத் தாண்டிப் போகாதே. வழியில் தாகம் என்பவருக்குத் தண்ணீர் கொடு. சத்திரம் கட்டியவர்கள் கேட்டு வளர்ந்த கதைகள் இவைதான்.

சாலையில் போனவர்கள் எழுதி வைத்தது

1800 ஏப்ரலில் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர் நாட்டை ஆராயச் சென்னையிலிருந்து கிளம்பினார். செம்பரம்பாக்கம் ஏரியை வியந்து, அது தோண்டிய குளம் அல்ல, இரண்டு மேடுகளுக்கு நடுவே கரை போட்டுத் தேக்கியது என்று குறித்தார். காஞ்சிபுரத்தில் அகலமான தெருக்கள், இருபுறமும் தென்னை, ஓடு வேய்ந்த மண்சுவர் வீடுகள் என்று எழுதியவர், பல வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதையும் பதிவு செய்தார். அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் கம்பெனிப் படையைத் திப்பு முறியடித்திருந்தார். அந்தப் போரின் சுவரோவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையில் இன்றும் பார்க்கலாம். படைகள் நடந்த சாலைகளில்தான் யாத்திரிகர்களும் நடந்தார்கள்.

1830 மே 18 அன்று சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஏனுகுல வீராசாமி காசிக்குப் புறப்பட்டார். கூட ஏறத்தாழ நூறு பேர், பல்லக்கு, கூடாரம், சமையல் சாமான். திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர், காசி, கயை, கல்கத்தா என்று சுற்றி, 1831 செப்டம்பர் 3 அன்று வீடு திரும்பினார். எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எந்த ஊரில் தங்க இடம் உண்டு, என்ன சாமான் கிடைக்கும் என்று நண்பருக்குத் தெலுங்கில் எழுதிக்கொண்டே போனார். 1838ல் அது நூலாக வந்தது. இன்றைய பயண வீடியோக்காரர்கள் சொல்வதும் அதே மூன்று செய்திதான்.

சத்திரத்தின் உள்ளே

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ல் கம்பெனியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் சத்திரங்களைப் பற்றிய அருமையான ஆவணம். சத்திரங்களின் வருமானத்தில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டு எழுதியது. வருகிற எல்லோருக்கும் சாப்பாடு. நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்குக் குணமாகும்வரை வைத்தியம். கர்ப்பிணிக்குப் பிரசவ உதவி. அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. ஒரத்தநாட்டின் முத்தாம்பாள் சத்திரம் அவர் பெயர் சொல்ல இன்றும் நிற்கிறது.

எல்லாம் பொன்னாக இருந்ததென்று சொல்ல முடியாது. பல சத்திரங்களில் சாதி பார்த்தே பந்தி. சிலருக்கு உள்ளே இலை, சிலருக்கு வெளியே படி அரிசி. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் அது வரலாறு ஆகாது.

1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பாதை அரக்கோணம் வழியாகப் போனது, காஞ்சிபுரம் ஒதுங்கிப்போனது. நாள்கணக்கில் வண்டியில் போனவர்கள் மணிக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் பஸ், கார், தங்க நாற்கரச் சாலை. இரவு தங்கத் தேவை இல்லாதபோது சத்திரம் வெறும் பெயரானது.

இன்று யார் வழிப்போக்கர்?

தேவை உண்மையில் போய்விட்டதா? திருப்புட்குழிப் பக்கம் இரவில் நெடுஞ்சாலை ஓரத்தைப் பாருங்கள். லாரிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர் கேபினிலேயே சுருண்டு படுத்திருப்பார். அவருடையதும் வேன் வாழ்க்கைதான், வீடியோ எடுக்க ஆள் இல்லை, அவ்வளவே. நம் வாசலுக்கே வருவோம். பார்சல் கொண்டுவரும் பையன், விருந்தாளியை இறக்கிவிட்டு நான்கு மணி நேரம் காத்திருக்கும் டாக்ஸிக்காரர், தண்ணீர் லாரிக்காரர், சூரத்திலிருந்து சோபா ஏற்றி வந்தவர். இவர்களுக்கு உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், போய்வர ஒரு கழிவறை நம் வளாகத்தில் எங்கே?

செலவு பெரிதல்ல. கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்ச், மேலே ஒரு தகரக் கூரை, ஒரு குடிநீர்க் குழாய். காவலர் கழிவறையை வெளியாட்களும் பயன்படுத்தலாம் என்று ஒரு தீர்மானம். பாதுகாப்புக்கு ஒரு பதிவு நோட்டு போதும். சுத்தம் செய்பவருக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். வரும் பொதுக்குழுவில் இதை எடுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கோடைக்கு முன் முடிவானால் நல்லது.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகளோடு திருப்புட்குழி போய்வாருங்கள். ஜடாயு தீர்த்தத்தைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றையும் பார்க்கலாம். யாருக்குத் தண்ணீர் கொடுத்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலைச் சொல்லிவிட்டு, நம் கேட்டில் பெஞ்ச் எங்கே போடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.