ஹம்பியில் இரண்டு லென்ஸ்கள்

குவியத் தூரம் மாறாத 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் ஒன்று, அதை மாற்றக்கூடிய 18–200 மி.மீ. ஜூம் ஒன்று. நிக்கான் டி.எக்ஸ். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் பலரது பையில் இவ்விரண்டும் சேர்ந்தே பயணித்திருக்கின்றன. முன்னது 200 கிராம், பின்னது 560 கிராம். எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் வழங்கப்படுகிறது: பிரைம் உழைப்பாளியின் லென்ஸ், ஜூம் சோம்பேறியின் லென்ஸ். பிரைம் நம்மை நடக்க வைக்கும், ஜூம் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருக வைக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஹம்பியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

விட்டலர் கோயில் முற்றத்துக் கல்தேரை எடுத்துக்கொள்வோம். சட்டகத்தின் பாதி உயரத்தைத் தேர் நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், 35 மி.மீ. லென்ஸோடு நிற்க வேண்டிய தொலைவு ஒன்றே ஒன்றுதான். அங்கே நின்றால், பின்னாலுள்ள மகாமண்டபம் என்ன அளவில் தெரிகிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஜூம் வைத்திருப்பவரோ அதே பாதி உயரத்தைப் பல இடங்களிலிருந்து பெறலாம். 18-இல் வைத்து நெருங்கினால் தேர் ஓங்கி நிற்க, மண்டபம் சிறுத்து விலகும். பின்னால் நகர்ந்து 100-க்குத் திருகினால் மண்டபம் பெருத்துத் தேரின் முதுகோடு ஒட்டி எழும். முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள அளவு உறவைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம். குவியத் தூரம் அந்தக் காட்சியிலிருந்து எவ்வளவை வெட்டியெடுப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. அப்படியானால் கால்களுக்கு விடுதலை தருவது ஜூம். கால்களைக் கட்டிப்போடுவதுதான் பிரைம்.

நடைமுறையில் இரண்டுமே தம் இயல்புக்கு நேர்மாறாகப் பயன்படுகின்றன. ஜூம்காரர் தமக்குக் கிடைத்த விடுதலையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஊர் திரும்பிப் படங்களைக் குவியத் தூரப்படி அடுக்கிப் பார்த்தால் 18-இலும் 200-இலும் குவிந்து கிடக்கும். நடுவே ஆளரவமே இராது. பதினோரு மடங்கு விரியும் லென்ஸ், இரண்டு பிரைம்களாகச் சுருங்கிவிடுகிறது. பிரைம்காரரோ தம் ஒற்றைத் தொலைவு பிடிக்காமல் இடமும் வலமும் நகர்ந்து, குனிந்து, படியேறி, தேடாத கோணம் ஒன்றைக் கண்டெடுக்கிறார். கட்டுண்டவர் அலைகிறார், கட்டவிழ்ந்தவர் நின்றுவிடுகிறார். இதில் லென்ஸின் குணத்தைவிட மனிதரின் குணமே அதிகம் தெரிவதாக நினைக்கிறேன்.

இருட்டில் இவ்விரண்டும் இன்னும் சுவாரசியமாக உறவாடுகின்றன. விருபாட்சர் கோயில் ரங்கமண்டபத்தின் விதான ஓவியங்களை 35 மி.மீ.யில் எடுக்கும்போது, ஜூமின் துளை ஏறக்குறைய எஃப் 4 வரைதான் திறக்கும். பிரைம் அதைப்போல் ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பிரைமில் விநாடியில் 50-இல் ஒரு பங்கு நேரம் போதுமென்றால், ஜூமுக்கு 10-இல் ஒரு பங்கு தேவை. அந்த நேரத்துக்குக் கை நடுங்காமலிராது. நடுக்கத்தை ஜூமுக்குள்ளிருக்கும் நிலைப்படுத்தி வாங்கிக்கொள்கிறது. ஆக, ஒன்று வெளிச்சத்தைக் கூட்டியும் மற்றொன்று நேரத்தை நீட்டியும் ஒரே படத்தைத் தருகின்றன. ஓவியம் அசையாதது என்பதால் இங்கே வெற்றி தோல்வி இல்லை. அதே கோயிலில் யானை துதிக்கையைத் தூக்கி ஒரு குழந்தைக்கு ஆசி வழங்கும் கணத்தில் இந்தச் சமன்பாடு உடைந்துபோகிறது. நிலைப்படுத்தி நம் கையை நிறுத்தும், யானையை நிறுத்தாது. அங்கே பிரைமுக்கு மாற்றே இல்லை.

மனிதர்களிடம் போகும்போது தராசு மறுபடி ஆடுகிறது. 35-இல் ஒரு முகத்தை நிறைவாக எடுக்க வேண்டுமானால் கைநீட்டும் தொலைவுக்குப் போக வேண்டும். பேசாமல் அவ்வளவு அருகே போக முடியாது. ஆற்றின் அக்கரையிலுள்ள ஆனைகுந்தியில் படித்துறையோரம் வலையைச் சிக்கெடுப்பவரிடம் ஊர்ப்பேச்சு பேசிவிட்டுத்தான் கேமராவை உயர்த்த முடிகிறது. இதை வைத்துப் பிரைமை நேர்மையின் லென்ஸ் என்பார்கள். கரையில் முன்னோருக்கு நீர்க்கடன் செய்பவரை எண்ணிப் பாருங்கள். அவரருகே போய்க் குனிவது எந்த நேர்மையிலும் சேராது. அங்கே விலகி நிற்பதே மரியாதை. அந்த விலகலைச் சாத்தியமாக்குவது 200 மி.மீ.தான். அப்போதும் அவர் அனுமதி நமக்கு உண்டா என்ற கேள்வி ஜூமை விடுவதில்லை, பிரைமையும் விடுவதில்லை.

இவ்விரண்டின் உறவை மிகத் தெளிவாகக் காட்டும் பொருள் லென்ஸே இல்லாத ஒன்று. அதுவும் விருபாட்சர் கோயிலிலேயே இருக்கிறது. இருண்ட அறை ஒன்றில், சிறு துவாரத்தின் வழியே ராஜகோபுரத்தின் தலைகீழ் உருவம் எதிர்ச்சுவரில் விழுகிறது. துவாரத்துக்கும் சுவருக்கும் இடையிலான தொலைவு மாறாதவரை அது ஒரு பிரைம். நடுவழியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், கோபுரம் பாதி உயரத்துக்குச் சிறுத்து நான்கு மடங்கு பிரகாசமாகத் தெரியும். இப்போது அதுவே ஜூம். துவாரம் இடம்பெயரவில்லை, ஆகவே கோபுர நிலைகளுக்கிடையிலான அளவு உறவும் மாறவில்லை. உருவம் பெரிதாகப் பெரிதாக மங்குவதையும் கவனிக்க வேண்டும். 18–200-இன் துளை எண் 3.5-இல் தொடங்கி 5.6-இல் முடிவதற்கும் அடிப்படை இதுவே: குவியத் தூரம் கூடும் வேகத்துக்குத் துளையின் அகலம் ஈடுகொடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக எதிரெதிரே நிறுத்திப் பேசிய இரண்டும் ஒரே துவாரத்தின் இரு நிலைகள் என்று அந்த அறையில் புரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

பெருமையும் இவ்விரண்டுக்கும் இடையே கைமாறியிருக்கிறது. புகைப்படக் கேமராவுக்கான முதல் ஜூம்களில் ஒன்றான ஃபோக்ட்லெண்டர் ஜூமார் 1959-இல் வந்தபோது அது அபூர்வப் பொருள், 50 மி.மீ. பிரைம்தான் கேமராவோடு சேர்ந்து வந்த சாதாரண லென்ஸ். டிஜிட்டல் காலத்தில் 18–55 ஜூம் கேமராவோடு வந்தது. பிரைமைத் தேடிப் போய் வாங்கினோம்.

முதன்முறை ஹம்பிக்குப் போகிறவர் ஒன்றை மட்டும் கொண்டுபோவதென்றால் ஜூமையே சொல்வேன். எங்கே நிற்பது என்று தெரியாத ஊரில் பல தொலைவுகளைச் சோதித்துப் பார்க்க அது உதவும். அந்தப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டும் தொல்லையும் இல்லை. இரண்டாம் முறை போகும்போது நிற்க வேண்டிய இடங்கள் தெரிந்திருக்கும். அப்போது பிரைம் போதும். பரிசலும் மாதங்க மலையும் மட்டும் விதிவிலக்கு. ஆடும் பரிசலில் எழுந்து நடக்க முடியாது. மலையுச்சியிலிருந்து கீழே அச்சுதராயர் கோயிலைப் பார்க்கும்போது முன்னால் ஓரடி வைக்கவும் இடமில்லை.