38911 பைட்டுகளும் பாயான் லெப்பாஸ் விரல்களும்

கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினி 1982இல் வெளிவந்தது. விசையைப் போட்டதும் நீலத் திரையில் ஒரு கணக்கு வரும்: 38911 பைட்டுகள் காலி. அது அச்சடித்து வைத்த எண் இல்லை. உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் கணினி தன் நினைவகத்தில் வரிசையாக எழுதிப்பார்த்து, திரும்ப வாசித்து, ஒத்துப்போனால்தான் அடுத்த இடத்துக்கு நகரும். ஒத்துப்போகாத முதல் இடத்தில் நின்றுவிடும். எண் குறைஞ்சு வந்தா, எங்கேயோ நினைவு தப்பிப்போச்சுன்னு அர்த்தம்.

எண்ணே வராமல் திரை கறுப்பாகவே இருந்தால்? நினைவகத்தின் தொடக்கப் பகுதி இல்லாமல் செயலியால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. ஆனால் கறுப்புத் திரைக்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் முதலில் மின்சாரத்தை அளக்க வேண்டும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வந்தால், புதுச் சில்லு போட்டாலும் அதுவும் செத்துப்போகும்.

இந்தக் கணினியின் தொடக்ககாலப் பலகைகளில் எட்டு நினைவகச் சில்லுகள். ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆக, ஒரு சில்லு கெட்டால் 65,536 பைட்டுகளிலும் ஒரே பிட் பொய் சொல்லும். 0 என்று எழுதி, 128 என்று திரும்பி வந்தால் குற்றவாளி உச்சப் பிட்டைச் சுமக்கும் சில்லு. விரலால் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. மற்றதைவிட ஒன்று மட்டும் கொதித்தால் சந்தேகம் அதன்மேல். நல்ல சில்லு ஒன்றைச் சந்தேகத்துக்குரியதன் முதுகில் ஏற்றி, கால்களைப் பொருத்தி, மறுபடி விசையைப் போடுவார்கள். சில வேளை படம் வந்துவிடும்.

அந்தக் காலத்துச் சில்லுகளைப் புரட்டினால் பலவற்றில் 'மலேசியா' என்று இருக்கும். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். முதல்வர் லிம் சோங் இயூவின் ஆட்சி பாயான் லெப்பாஸில் வயல்வெளியைத் தொழிற்பேட்டையாக்கியது. 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கே திறந்தது. அப்போது இன்டெல்லின் முக்கியப் பிழைப்பே நினைவகம்தான். 1970இல் வெளிவந்த 1103 சில்லுதான் அதன் பெயரை உலகறியச் செய்தது.

அமெரிக்காவிலிருந்து சிலிக்கான் வரும். இங்கே அதை நறுக்கி, சட்டத்தில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பியால் கால்களோடு இணைத்து, உறையிட வேண்டும். உருப்பெருக்கிக்கு முன்னால் குனிந்து அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள்: மலாய், சீன, தமிழ்ப் பெண்கள். ஊர் அவர்களுக்கு 'மினா காரான்' என்று பட்டப்பெயர் வைத்தது. 'காரான்' என்றால் கரண்ட். கேலிதான். கண் எரிச்சல், கண் வலி அவர்களின் அன்றாடம். நாடு தழுவிய சங்கம் வைக்க அரசு இடம் கொடுக்கவில்லை.

1978இல் இன்டெல்லின் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் ஒரு விநோதத்தைச் சொன்னார்கள். சில்லு நன்றாகவே இருக்கும். நினைவு மட்டும் திடீரெனத் தவறும். காரணம் உறை! அதில் கலந்திருந்த நுண்ணளவு கதிரியக்கப் பொருளிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள்கள் 1ஐ 0ஆக்கிவிட்டன. வெறும் மூடி என்று நினைத்த உறையும் நினைவின் பங்காளி என்று அன்று தெரிந்தது.

பினாங்கு வரலாறும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல்வர் பெயர் இருக்கிறது, நிறுவனங்களின் பெயர் இருக்கிறது. உறையிட்ட கைகள்? நம் வீடுகளில் ஷிப்டு பஸ்ஸுக்கு விடியற்காலையில் நின்ற பெரியம்மாக்கள், அத்தைகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வகை நினைவகத்துக்குச் சில மில்லிநொடிக்கு ஒருமுறை மின்னூட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும், விட்டால் மறந்துவிடும். அவர்களிடம் இன்னும் நாம் போய்க் கேட்கவே இல்லை.