கல்லீரலுக்குள் ஒரு மின்மினி

கோத்தா திங்கி ஆற்றங்கரையில் மின்மினிகளைக் கண்டு திரும்பிய மாணவன் ஒருவன், "ஐயா, நம் உடம்புக்குள்ளும் இப்படி விளக்கேற்றிப் பார்க்க முடியுமா?" என்று கேட்டான். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அவனை அமர்த்திவிட்டேன். அப்பிழைக்கு ஈடாகவே இக்கட்டுரை.

1945ஆம் ஆண்டு நாகசாகியில் அணுகுண்டு வெடித்தபோது, அருகிலிருந்த இசகாயாவில் 16 வயது ஒசாமு சிமோமுராவின் பார்வையை அவ்வொளி சிறிது நேரம் பறித்தது. பின்னாளில் உயிர்கள் உமிழும் ஒளியையே ஆராயத் தலைப்பட்டவரும் அவர்தாம்.

1961ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில், ஃபிராங்க் ஜான்சனுடன் ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்களைச் சேகரித்தார். ஒருநாள் பயனற்றதெனக் கருதிய சாற்றைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது! அங்கிருந்த கடல்நீரின் கால்சியமே காரணமென உணர்ந்தார். ஏகுவோரின் என்னும் அந்த ஒளிப்புரதம் 1962இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

கால்சியம் எலும்புக்கு உரம் என்று கற்பிக்கிறோம். உயிரணுவுக்குள் அது செய்தி சுமக்கும் தூதனுமாகும். 1985இல் ரோஜர் சியென் குழுவினர், கால்சியத்தைப் பற்றியதும் ஒளிர்வு மாறும் ஃபூரா-2 சாயத்தை உருவாக்கினர். 1986இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், எலியின் கல்லீரல் உயிரணுவுக்குள் ஏகுவோரினைச் செலுத்தினர். ஹார்மோன் தொட்டதும் கால்சியம் அலையலையாக ஏறி இறங்கியது. ஹார்மோன் மிகுந்தபோது அலைகளின் உயரம் மிகவில்லை. அவை விரைந்து விரைந்து வந்தன. கதவை உரக்கத் தட்டாமல் அடிக்கடி தட்டுவதைப் போன்றது இது.

அதே ஜெல்லி மீனில் கிட்டிய பச்சை ஒளிர்புரதத்திற்காக, சிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, சியென் மூவரும் 2008இல் நோபல் பரிசு பெற்றனர்.

நம்மவர் பங்கும் உண்டு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் பயின்ற யமுனா கிருஷ்ணன், பெங்களூரில் பணியாற்றியபோது, டி.என்.ஏ. இழைகளாலேயே ஒரு நுண்கருவி அமைத்தார். உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மை மாறுவதை அது ஒளிர்ந்து காட்டிற்று. 2009இல் அவ்வாய்வு வெளிவந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! கொட்டிய சாற்றைச் சிமோமுரா திரும்பிப் பாராதிருந்தால் இவ்வரலாறு எப்படி அமைந்திருக்குமோ! நாம் ஒதுக்கித் தள்ளும் பிள்ளைகளின் கேள்விகளிலும் ஒளி இருக்கக்கூடும்.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து இவற்றைக் கூறினேன். "அந்த வெளிச்சம் கல்லீரலுக்கு வலிக்குமா, ஐயா?" என்றான். இம்முறை அவனை அமர்த்தவில்லை. இருவருமாக விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.