ஒரு சூறாவளி, இரண்டு வரலாறு

2025 ஒக்ரோபர் 20இல் பாரிசின் வடபுறநகரான எர்மோனைத் தாக்கிய டோர்னாடோ, சில நிமிடங்களில் பாரந்தூக்கிகளைச் சாய்த்தது. கட்டடத் தொழிலாளி ஒருவர் மாண்டார். மறுவாரம் லாச்சப்பல் தேநீர்க்கடையில் நண்பரொருவர் கேட்டார்: "எங்கட சூறாவளி இதைவிடப் பெரிசெல்லோ?"

அளவில் பெரிதுதான். டோர்னாடோ இடிமுகிலின் அடியில் திடீரெனப் பிறந்து, ஒடுங்கிய தடத்தில் ஓடி மறைவது. 1845 ஓகஸ்ட் 19இல் ரூவான் நகருக்கருகே மொன்வில்லில் மூன்று நூற்பாலைகளைத் தகர்த்து, எழுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதும் அதுவே. ஆலைத் தொழிலாளியான எனக்கு அச்செய்தி வெறும் புள்ளிவிபரமல்ல. சூறாவளியோ நாட்கணக்கில் கடலில் நகர்வது. அதன் பாதையைத் தொடரலாம். அப்பாதையை எங்கு தொடங்கி எங்கு முடிக்கிறோம் என்பதே எனது கேள்வி.

நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் உருவாகி மேற்கிலும் வடமேற்கிலும் நகர்பவை, இலங்கையின் கிழக்கையும் வடக்கையுமே பெரிதும் தாக்குகின்றன. தென்மேற்குக் கரைக்கு நேரடித் தாக்குதல் அரிது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மறுநாள் அது இராமநாதபுரம் மாவட்டக் கரையைக் கடந்தது. 1964 டிசம்பர் 22இல் வவுனியாவைக் கடந்தது, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டது.

புவியியல் விரிவுரையாளனாக இருந்தபோது நானும் இப்பாதைகளை இலங்கைப் படத்தில் மட்டுமே வரைந்தேன். மேற்குக் கரையில் கோடு நின்றுவிடும். தமிழகத்திலோ 1964இன் கதை தனுஷ்கோடியில் தொடங்குகிறது. அவர்களுக்கு அது புயல், எமக்குச் சூறாவளி. காற்று சில மணித்தியாலங்களில் கடந்த நீரிணையை எமது வரலாற்றெழுத்து இன்னும் கடக்கவில்லை. பின்னர் அகதிகளாக அதே நீரைக் கடந்தவர்கள் நாமே என்பது இதை மேலும் வெட்கத்துக்குரியதாக்குகிறது.

2004 முதல் இப்பிராந்திய நாடுகள் தந்த பெயர்ப்பட்டியலிலிருந்தே சூறாவளிகளுக்குப் பெயரிடப்படுகிறது. 2008இல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கி, தமிழகக் கரையைக் கடந்த 'நிஷா', இரு கரையிலும் நிஷாதான். வானிலையாளர் செய்த இச்சிறு காரியத்தைக்கூட வரலாற்றாளர் செய்யவில்லை.

1964ஐ நினைவில் வைத்திருப்போர் இன்று முதியோர். மன்னார், வவுனியா, இராமேஸ்வரம் ஆகிய இடங்களின் நினைவுகளை ஒரே ஏட்டில் எழுதத் தொடங்குவோம். மறுப்புள்ளோர் அடுத்த இதழில் எழுதட்டும்.